கர்த்தருக்குச் சித்தமானால் வெள்ளிக்கிழமை வருவேன்

இங்கிலாந்துக்கு வந்து மூன்றாவது வாரம். முதியோர் இல்லத்தில் ஷிப்ட் அட்டவணை போட்டுக்கொண்டிருந்த பொறுப்பாளர் அம்மா, "வெள்ளிக்கிழமை இரவு வருவாய்தானே?" என்று கேட்டார். ஊரில் எப்படிச் சொல்வோமோ அதையே ஆங்கிலத்தில் சொன்னேன்: கர்த்தருக்குச் சித்தமானால் வருவேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். வேறு வேலை ஏதும் இருக்கிறதா, பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா என்று அக்கறையாக விசாரித்தார். அதெல்லாம் இல்லை, கட்டாயம் வந்துவிடுவேன் என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்த வார்த்தையை வேலையிடத்தில் விட்டுவிட்டேன். "வருவேன்" என்று மட்டும் சொல்லப் பழகினேன்.

வார்த்தையோடு சேர்ந்து வேறொன்றும் கைவிட்டுப் போனது எனக்குத் தெரிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

நான் சாயர்புரம் பக்கத்துக்காரி. 1986இல் தூத்துக்குடி மாவட்டம் தனியாகப் பிரிந்துவிட்டாலும், பேச்சிலும் சபையிலும் சம்பந்தத்திலும் நாங்கள் திருநெல்வேலிச் சீமைதான். எங்கள் பக்கம் கிறிஸ்தவக் கல்யாணப் பத்திரிகைகளில் தேதிக்கு முன்னால் "கர்த்தருக்குச் சித்தமானால்" என்று அச்சாகியிருக்கும். மண்டபம் பேசி, சமையலுக்கு ஆள் சொல்லி, பட்டு எடுத்து முடித்த பிறகும், அந்த நாள் வரை நாம் இருப்போமா என்பது நம் கையில் இல்லை என்று பத்திரிகையிலேயே ஒப்புக்கொள்கிறோம். யாக்கோபு நிருபம் நாலாம் அதிகாரத்திலிருந்து வந்த வழக்கம் அது. "ஆண்டவருக்குச் சித்தமானால், நாங்களும் உயிரோடிருந்தால், இன்னின்னதைச் செய்வோம்" என்று சொல்லச் சொல்கிற வசனம். அதற்கு முந்தின வசனம் நம் ஜீவனைக் கொஞ்சக்காலம் தோன்றிப் பின்பு தோன்றாமற்போகிற புகை என்கிறது. பதநீர் காய்ச்சுகிற விடிலிக் குடிசையில் எழும்புகிற புகையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க ஆள் வேண்டாம்.

எங்கள் ஊரில் வீட்டிலிருந்து கோயிலுக்குப் போகிற வழியில்தான் கல்லறைத் தோட்டம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகும்போது தாத்தாவைக் கடந்துதான் போக வேண்டும். யாராவது இறந்தால் கோயில் மணியை விட்டுவிட்டு அடிப்பார்கள். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஊரே நின்று காது கொடுக்கும். "யாருக்குல?" என்று ஒரு குரல் கேட்கும். அம்மா அடுப்பில் இருக்கிற உலையை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்புவாள். பிள்ளைகளை யாரும் தடுக்க மாட்டார்கள். பெரும்பாலும் அன்றைக்கே, தப்பினால் மறுநாள் அடக்கம். சாயங்காலம் எல்லோரும் குழியில் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்து குளிப்போம். ராத்திரி குடும்ப ஜெபத்தில் அப்பா அந்த வீட்டுக்காரர்களின் பெயரைச் சொல்லி ஜெபிப்பார்.

ஆச்சியின் ட்ரங்குப் பெட்டியில் ஒரு வெள்ளைச் சேலை இருந்தது. கரை கிடையாது, பாச்சை உருண்டை வாசம் அடிக்கும். வருஷத்துக்கு ஒரு நாள், பங்குனி வெயிலில், கயிற்றுக்கட்டில் மேல் விரித்துக் காயப்போடுவாள். "தொடாதட்டி, இது நான் ஊருக்குப் போகுத சேலை" என்பாள். அப்போது அவள் குரலில் பயமும் இருக்காது, சோகமும் இருக்காது. தூத்துக்குடியில் மகள் வீட்டுக்குக் கிளம்புகிறவள் போலத்தான் இருப்பாள். சேலையை மடித்து உள்ளே வைத்துவிட்டு, அதே மூச்சில் பக்கத்து வீட்டில் வாங்கின நாலு முட்டைக்குக் காசு கொடுத்தாச்சா என்று அம்மாவிடம் கேட்பாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துக் கன்வென்ஷன் கூட்டங்களில் சில பிரசங்கியார்கள் மரணத்தை வைத்தே மிரட்டுவார்கள். "இன்று ராத்திரி செத்தால் எங்கே போவாய்?" என்ற கேள்வியில் பத்து வயதில் எத்தனையோ இரவுகள் தூங்காமல் கிடந்திருக்கிறேன். அது எனக்கு எந்த நல்லதும் செய்யவில்லை. ஆச்சியின் சேலைதான் செய்தது.

சரி, இந்த ஊருக்கு வருகிறேன். ஆக்ஸ்போர்டுக்கு அருகே ஒரு சின்ன டவுன். வீட்டுக்காரருக்குக் கிடங்கில் வேலை, எனக்கு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை, மகளுக்குப் பள்ளிக்கூடம். குளிரும் வாடகையும் பஸ்ஸும் ஒரு வருஷத்தில் பழகிவிட்டன. பழகாதது சாவு.

என் முதல் இரவு ஷிப்டுகளில் ஒன்றில் ஒரு தாத்தா இறந்துபோனார். கூட இருந்த மூத்த நர்ஸ் நேரத்தைக் குறித்துவிட்டு, முதலில் போய் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தார். ஆத்துமா போக வழி என்று அவர்களுக்குள் ஒரு பழக்கமாம். ஜனவரிக் காற்று உள்ளே வந்தது. இரண்டு பேருமாக வெந்நீரில் துணி நனைத்து, அவரிடம் சொல்லிச் சொல்லியே உடம்பைத் துடைத்தோம்: "இப்போ கையைத் தூக்குறோம்", "இந்தப் பக்கம் திருப்புறோம்". ஊரில் பெரியம்மாமார் செய்கிற அதே வேலை. எனக்குக் கை நடுங்கவில்லை. ஆனால் காலையில் வண்டி வந்தபோது, வராந்தாவில் இருந்த எல்லா அறைக் கதவுகளையும் ஒவ்வொன்றாகச் சாத்தினார்கள். மற்றவர்கள் பார்த்து மனம் கலங்கக் கூடாதாம். மணி இல்லை, யாரும் எழுந்து நிற்கவில்லை. காலைச் சாப்பாட்டில் அவர் நாற்காலி காலி. அடக்கம் மூன்று வாரம் கழித்து நடந்தது. இந்த நாட்டில் அது சாதாரணம்.

குறையாகச் சொல்லவில்லை, அவர்கள் அன்போடுதான் செய்கிறார்கள். ஆனால் அந்தச் சாத்தின கதவுகளுக்குள்ளே நானும் மெல்ல மெல்ல வாழ ஆரம்பித்துவிட்டேன். இன்ன வருஷத்தில் குடியுரிமை, இன்ன வருஷத்தில் வீடு, மகள் காலேஜ் முடித்ததும் ஊரில் ஒரு மாடி. எல்லாமே "செய்வோம்", "வாங்குவோம்". இதற்கு நடுவில் அண்ணனோடு பேச்சு இல்லாமல் பதினாலு மாதம். நாங்கள் கிளம்புகிற செலவுக்காக என் பங்கு விளை நிலத்தை வெளியாளுக்கு விற்றிருந்தோம். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை. தப்பு என்னுடையது. பேசிக்கொள்ளலாம், லீவுக்குப் போகும்போது நேரில் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

இல்லத்தில் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கேட்டு நிரப்ப வேண்டிய ஒரு படிவம் உண்டு. கடைசி நாட்களில் எங்கே இருக்க விருப்பம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா, யாருக்குச் சொல்ல வேண்டும், என்ன பாட்டு வேண்டும் என்றெல்லாம் இருக்கும். அந்தக் கேள்விகளை நேருக்கு நேர் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. தொண்ணூறு தாண்டிய ஒரு ஓய்வுபெற்ற டீச்சர், நான் திணறுவதைப் பார்த்துவிட்டு, காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி வரிசையாகச் சொன்னார். கட்டில் ஜன்னல் ஓரம், ஆஸ்பத்திரி வேண்டாம், தங்கை மகளுக்குச் சொன்னால் போதும். புருஷனுக்குப் பக்கத்தில் இடம் வாங்கிப் போட்டாயிற்று. முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "நீ? உன்னை எங்கே வைப்பார்கள்?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. ஊரில் இருந்தவரை கேட்டதே இல்லை, கேட்கத் தேவையும் இருந்ததில்லை. தாத்தாவுக்கு அடுத்த வரிசை, அவ்வளவுதான்.

அந்த வாரம் லீவு நாளில் ஆக்ஸ்போர்டுக்கு பஸ் ஏறினேன். வால்டன் தெருவுக்கு உள்ளே தள்ளி செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கேதான் ஜி.யு. போப் ஐயர் கிடக்கிறார். சாயர்புரத்துப் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது, ஊரில் அவர் பெயரில் கல்லூரியே இருக்கிறது. கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் 1820இல் பிறந்தவர், 1842இல் எங்கள் சாயர்புரத்துக்கு வந்து பள்ளி நடத்தியவர். கல்லறையில் தன்னைத் "தமிழ் மாணவன்" என்று எழுதச் சொன்னார் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். கல்லில் அப்படி இல்லை. பெயருக்குப் பின்னால் "தென்னிந்தியாவைச் சேர்ந்த" என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள். குடும்பத்தாரும் தென்னிந்தியாவின் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்த கல் என்றும் இருக்கிறது. அந்த வரியில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பிறந்தது ஒரு கண்டம், கிடப்பது இன்னொரு கண்டம். கல் சொல்கிற ஊர் எங்கள் ஊர்.

திருவாசகத்தை மொழிபெயர்க்கலாமா என்று யோசித்த காலத்தில் அவருக்கு வயதாகிவிட்டிருந்தது. முடிக்கிற வரை இருப்பேனா என்று பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவெட்டிடம் சொல்லியிருக்கிறார். பெரிய வேலை ஒன்று கையில் இருப்பதுதான் நீண்ட நாள் வாழ வழி, முடிக்கும் வரை இருப்பீர்கள் என்றாராம் அவர். முன்னுரையில் போப் ஐயரே எழுதியிருக்கிறார். அந்த முன்னுரைக்கு அவர் இட்ட தேதி தன் எண்பதாவது பிறந்த நாள், 1900 ஏப்ரல் 24. ஜோவெட் அதைப் பார்க்க இல்லை, 1893இலேயே போய்விட்டார். அவர் கல்லறையும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறது. முடிக்கிற வரை இருப்பேனா என்று தயங்கிய ஒரு கிழவர், உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டாக மொழிபெயர்த்திருக்கிறார். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது எங்கள் பக்கத்தில் கிடக்கிற வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். அயர்லாந்தில் பிறந்த கால்டுவெல் ஐயர் 1841இல் இடையன்குடி வந்தவர். அந்த ஊர்க் கோயிலைக் கட்டி முடிக்க முப்பத்துமூன்று வருஷம், 1847 முதல் 1880 வரை. நாளை நிச்சயமில்லை என்று தெரிந்தவர்தான் அப்படிக் கல் மேல் கல் வைத்தார். 1891இல் கொடைக்கானலில் இறந்த அவரை இடையன்குடிக்கே கொண்டுவந்து பீடத்தின் அடியில் வைத்தார்கள். டோனாவூரில் பிள்ளைகள் காப்பகம் நடத்திய ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் விழுந்து அடிபட்டு, 1951இல் கண்மூடும் வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தவர். தனக்குக் கல்லே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து "அம்மா" என்று மட்டும் பொறித்தார்கள். சின்ன வயதில் அதில் ஒரு மைனா முங்கிக் குளித்ததைப் பார்த்திருக்கிறேன். கல்லறை என்றே அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மூன்றரை மணி. டிசம்பரில் இங்கே நாலு மணிக்குள் சூரியன் விழுந்துவிடும். "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்ற எபேசியர் வசனம் சமையலறை ஜன்னல் வழியாகத் தெரிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். செருப்பைக் கழற்றாமல் அண்ணனுக்குப் போன் போட்டேன். அங்கே ராத்திரி ஒன்பது. "அண்ணே, நான் கேட்டிருக்கணும். கேக்காம வித்தது தப்பு" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சாப்பிட்டியாட்டி? அங்க ரொம்பக் குளிராமே" என்றான். விளையைப் பற்றி அன்றைக்கு வேறு ஒன்றும் பேசவில்லை. போனை அப்பாவிடம் கொடுத்தான். அப்பா அழுதார்.

அதற்குப் பிறகு என் நாள் கொஞ்சம் மாறியிருக்கிறது. முதியோர் இல்லத்தில் அதிகம் சொல்லப்படுகிற வார்த்தை "ஒரு நிமிஷம், இதோ வருகிறேன்". சொல்லிவிட்டுப் போகிற நாம் வருவதில்லை. திரும்பி வரும்போது சில சமயம் அவர்களும் இருப்பதில்லை. இப்போது கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி யாராவது கேட்டால், மாத்திரை வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். ஷிப்ட் முடியும்போது குறிப்புகளை, நாளைக்கு நான் வராமல் போனாலும் அடுத்தவளுக்கு விளங்குகிற மாதிரி எழுதி வைக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி வாங்கிக் கொடுத்த பாலுக்கு அன்றைக்கே காசு. ராத்திரி மகள் தலையில் கை வைத்து ஜெபிக்கும்போது, அவசரப்படுவதில்லை.

ஊர் சபை வாட்ஸ்அப் குழுவில்தான் இப்போது சாவு மணி அடிக்கிறது. "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அடக்கம் இன்று மாலை 4 மணி." இங்கே குளிர்காலத்தில் காலை பத்தரை. வேலையில் இருந்தால் துணி வைக்கிற அறைக்குள் போய் இரண்டு நிமிஷம் நின்று, அந்த வீட்டுக்காரர்களின் பெயரைச் சொல்லி ஜெபித்துவிட்டு வருவேன். ஒரு நாள் பொறுப்பாளர் அம்மா பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சொன்னேன். அடுத்த தடவை அவரே வந்து கூட நின்றார். அட்டவணை போடும்போது "வருவாய்தானே?" என்று கேட்டால் இப்போது மறுபடியும் முழுசாகச் சொல்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே என் பெயரை எழுதிக்கொள்கிறார்.

டீச்சருக்குப் பதிலும் சொன்னேன். ஊருக்குக் கொண்டுபோக முடிந்தால் தாத்தாவுக்கு அடுத்த வரிசை, முடியாவிட்டால் இங்கேயே, ஆனால் கல்லில் ஊர்ப் பெயர் இருக்கட்டும். அவர் தன் டைரியில் எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டார். "சாயர்" வரைக்கும் சரியாக வந்தது. "புரம்" நான் சொல்லிக்கொடுத்தேன்.

போன லீவில் பாளையங்கோட்டையில் ஒரு கடையில் கரையில்லாத வெள்ளைச் சேலை எடுத்தேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை, பாச்சை உருண்டை மட்டும் நாலு வாங்கி உள்ளே வைத்தாள். இங்கே பங்குனி வெயில் ஏது. ஜூன் மாதம் ஒரு நல்ல நாளில் பின்பக்கக் கொடியில் விரித்துப்போட்டேன். ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருந்தது. மகள் வந்து, "யாருக்கும்மா இது?" என்று கேட்டாள். எனக்குத்தான் என்றேன். எங்கே போக என்று கேட்டாள். ஆச்சி சொன்னதைச் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, சேலையின் மறுமுனையை எடுத்துக்கொண்டாள். தரையில் படாமல் இழுத்துப் பிடித்து, இரண்டு பேருமாக மடித்தோம்.