28 நொடி 3 நிமிடம் ஆன கதை

பள்ளத்தூர் வீட்டில் கம்ப்யூட்டர் இருப்பது இரண்டாம் கட்டு அறையில். ஐயாவின் அப்பா பர்மாவுக்குக் கொண்டுவிக்க (அதாவது வியாபாரத்துக்கு) போன காலத்துப் பேரேடுகளை ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து சேர்த்துவைப்பதுதான் ரெண்டு வருசமாக என் பொழுதுபோக்கு. விண்டோஸ் ஒரு எஸ்எஸ்டியில், அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்கில், இருக்கிறது, ஸ்கேன்கள் 1 டிபி ஹார்டு டிஸ்கில். மதர்போர்டு எச்81 வகை, நாலாம் தலைமுறை இன்டெல். பழசுதான், ஆனால் பட்டனை அமுக்கினால் 28 நொடியில் டெஸ்க்டாப் வந்துவிடும்.

போன மாதம் தூசி தட்ட கேபினெட்டைத் திறந்தேன். ஹார்டு டிஸ்கை போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளில் கிளிப் உடைந்து ஆடிக்கொண்டிருந்தது. காரைக்குடிக்குப் போய் ஒரு கடையில் சிவப்பு கேபிள் ரெண்டு வாங்கிவந்து, எஸ்எஸ்டிக்கும் சேர்த்தே மாற்றினேன். மூடினேன், பட்டனை அமுக்கினேன். வட்டப் புள்ளிகள் சுற்றின. சுற்றிக்கொண்டே இருந்தன. கைபேசியில் நேரம் பார்த்தால் 2 நிமிடம் 50 நொடி. காபி கொண்டுவந்த அப்பத்தா, "ஏன்டா தம்பி, இன்னுமா அது எந்திரிக்கல?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதல் சந்தேகம் பயாஸ் மேல், அதாவது விண்டோஸுக்கு முன்னால் போர்டில் ஓடும் தொடக்க மென்பொருள் மேல். கேபிளை மாற்றும்போது அதைச் செருகும் போர்ட் மாறியிருந்தால், எந்த டிஸ்கிலிருந்து தொடங்குவது என்ற பூட் வரிசை குழம்பியிருக்கும் என்று நினைத்தேன். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பக்கத்தின் மேல் மூலையில் 'லாஸ்ட் பயாஸ் டைம்' என்று ஒரு எண் வரும். போர்டு தன் வேலையை முடித்து விண்டோஸிடம் ஒப்படைக்க எடுத்த நேரம் அது. எனக்கு 9 நொடிதான். அப்படியானால் தாமதம் முழுக்க விண்டோஸ் பக்கம். இதை முதலிலேயே பார்த்திருந்தால் பூட் வரிசையை மாற்றி மாற்றி வைத்த முக்கால் மணி நேரம் மிச்சம்.

அடுத்து போர்ட். எச்81-இல் சாட்டா போர்ட் நாலு. ரெண்டு 6 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 6 கிகாபிட்) வேகம், ரெண்டு 3 ஜிபிபிஎஸ். திறந்து பார்த்தால் எஸ்எஸ்டியைத் தெரியாமல் மெதுவானதில் செருகியிருக்கிறேன். மாற்றிச் செருகி, திறந்தபடியே போட்டுப் பார்த்தேன்: 27 நொடி! வெற்றி என்று மூடி, திருகை முடுக்கி, சாப்பிடப் போனேன். சாயங்காலம் போட்டால் மறுபடி 2 நிமிடம் 40 நொடி.

அப்போதே யோசித்திருக்க வேண்டும். 3 ஜிபிபிஎஸ் போர்ட்டிலும் எஸ்எஸ்டி நொடிக்கு 250 எம்பிக்கு மேல் படிக்கும். ரெண்டு மூணு நொடி கூடலாம், ரெண்டரை நிமிடம் கூடாது. நான் யோசிக்கவில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தினேன் (அது இருந்தால் ஷட்டவுன் செய்து போடுவது முழு பூட் ஆகாது, ஒப்பிட்டுப் பார்க்க முடியாது). தானாகத் தொடங்கும் மென்பொருள்களை நிறுத்தினேன். மறுபடி திறந்து, துருவை ஆராயும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கிற ஊர்ப்பக்கம் துருவைச் சந்தேகிக்காவிட்டால் எப்படி என்று, முனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தேன். துடைத்ததும் 28 நொடி. மூடினேன். ராத்திரி 3 நிமிடம். திறந்து செய்த எல்லா வைத்தியமும் பலித்தது, மூடியதும் நோய் திரும்பியது. இந்த வித்தியாசம் என் மண்டையில் ஏற மூணு நாள் ஆனது.

மூணாம் நாள், டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றி வரி வரியாக வைத்திருக்கும் கணக்கைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். எஸ்எஸ்டி சுத்தம். ஹார்டு டிஸ்கில் 5, 197 என்ற எண்ணுள்ள வரிகள் இரண்டும் பூஜ்யம், அதாவது தட்டுகளில் பழுது இல்லை. போன உயிர் வந்தது, பேரேடு எல்லாம் அதில்தானே. ஆனால் சி7 என்ற வரியில், அதாவது 199-ஆம் எண்ணில், சிஆர்சி எரர் கவுன்ட் 36 என்றிருந்தது. இந்த வரி டிஸ்கைப் பற்றியதல்ல, பெரும்பாலும் கேபிளைப் பற்றியது. டிஸ்குக்கும் போர்டுக்கும் இடையே போகும் ஒவ்வொரு பொட்டலத்தோடும் ஒரு சரிபார்ப்பு எண் போகிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் கணக்கு ஒத்துவராவிட்டால் இந்த எண்ணிக்கை ஒன்று ஏறும், பொட்டலத்தைத் திரும்ப அனுப்ப வேண்டும். ஒருமுறை ஏறினால் இறங்கவே இறங்காது.

மறுமுறை போட்டதும் '4எஃப்' என்று காட்டியது. எழுத்து எப்படி வந்தது என்று விழித்தேன். அந்த மென்பொருள் எண்களைப் பதினாறு அடிமானத்தில் (9-க்கு மேல் ஏ முதல் எஃப் வரை எழுத்து வரும்) காட்டுகிறதாம், அமைப்பில் போய்ப் பத்துக்கு மாற்றலாம். அப்படியானால் முதலில் பார்த்தது 36 அல்ல, 54. இப்போது 79. ஒரே ஒரு பூட்டில் 25 பிழை!

விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்தால் 129 என்ற எண்ணோடு எச்சரிக்கைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் இடையே முப்பது நொடி போல. டிஸ்கைக் கூப்பிட்டு, பதில் வராமல் காத்திருந்து, கடைசியில் இணைப்பையே ரீசெட் செய்திருக்கிறது. அது டேட்டா டிஸ்க்தானே, விண்டோஸ் ஏன் அதற்காக நிற்க வேண்டும்? நிற்கத்தான் வேண்டும். எஸ்எஸ்டியில் இடம் போதாமல் பேஜ் ஃபைலையும் (ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் கோப்பு) டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரையும் அதற்கு மாற்றிவைத்தவன் நான்தான்.

கடைசியாக ஒழுங்காக ஒரு சோதனை. வேறு எதையும் தொடாமல், பக்கத் தகட்டை எடுத்துவிட்டு மூணு முறை ரீஸ்டார்ட்: 28, 27, 28. எண்ணிக்கை 79-லேயே நின்றது. தகட்டை மட்டும் மாட்டி ஒரு முறை: 2 நிமிடம் 55 நொடி, எண்ணிக்கை 101.

தகட்டின் உள்பக்கம் டார்ச் அடித்தேன். பெயின்டில் விரல்நக அளவுக்கு ஒரு உராய்வு. என் கேபினெட்டில் ஹார்டு டிஸ்கின் முனை பக்கத் தகட்டைப் பார்த்து இருக்கிறது. உடைந்த பழைய கேபிளின் முனை 'எல்' வடிவம், தகட்டுக்கு இணையாக மடங்கி ஒதுங்கிக்கொள்ளும். சிவப்பு கேபிளோ நேர் முனை. மூடும்போதெல்லாம் தகடு அதை அமுக்கி, பிளக்கைச் சாய்த்திருக்கிறது. அந்தச் சின்ன முனையில் தொடுமுனை ஏழு. மூணு எர்த், மிச்சம் நாலில் டேட்டா போவதற்கு ஒரு ஜோடி, வருவதற்கு ஒரு ஜோடி. அதில் ஒன்று அரைகுறையாகத் தொட்டாலே போதும். கடைக்காரர் மேல் தப்பில்லை, நேர் முனையா மடங்கிய முனையா என்று நான் கேட்கவே இல்லை.

மறுநாள் 'எல்' முனையும் கிளிப்பும் உள்ள கேபிள் வாங்கினேன். முனை எந்தப் பக்கம் மடங்குகிறது என்பதையும் கவனிக்க வேண்டும், மேல்நோக்கி மடங்குவதும் உண்டு, கீழ்நோக்கி மடங்குவதும் உண்டு. என் டிஸ்கைப் படம் எடுத்துக்கொண்டுபோய்க் காட்டி வாங்கினேன்.

மூடிய கேபினெட்டோடு இப்போது 27 நொடி. ரெண்டு வாரமாக எண்ணிக்கை 101. 129 வரவில்லை. பேஜ் ஃபைலை மட்டும் எஸ்எஸ்டிக்கே திருப்பிவிட்டேன்.

தகட்டுக்கு இன்னும் ஒரு திருகு குறைகிறது. ஆத்தங்குடிக் கல் தரையில் பூவேலைப்பாட்டுக்கு நடுவே கறுப்புத் திருகு விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. அப்பத்தா பெருக்கும்போது பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.