வேகமெடுக்கும்போது எழுந்த அதிர்வொலி: காரணம் கண்டு சரிசெய்த விதம்

எங்கள் கார் 1500 சிசி பெற்றோல் எஞ்சினும் ஓட்டோ கியரும் கொண்ட, முன்சில்லுகள் இழுக்கும் பழைய ஜப்பான் வண்டி. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்குச் செல்லும் ஏ34 வீதியில் ஒரே சீராக ஓடும்போது அமைதியாகவே இருந்தது; முன்னால் போகும் உழவு இயந்திரத்தை முந்துவதற்காக எக்சிலேற்றரை அழுத்தினால் மட்டும் காலடியில் தகரம் நடுங்குவது போல ‘டர்ர்ர்’ என்று ஒலித்து, காலை எடுத்ததும் நின்றுவிடும். முத்தையன்கட்டுப் பக்கத்துக் கிறவல் பாதைகளில் ஓடி ஓடி அடியில் ஏதோ தளர்ந்திருக்கும் என்றே பார்த்தவர்கள் சொன்னார்கள். எதையும் கழற்றுவதற்கு முன், அந்த ஒலி எதனோடு கூடிக் குறைகிறது என்பதை அறிந்துகொள்ள விரும்பினேன்.

எஞ்சினின் சுழற்சி, சில்லின் சுழற்சி, எஞ்சின் தாங்கும் சுமை என்ற மூன்றில் ஒன்றோடுதான் இத்தகைய ஒலி பெரும்பாலும் இணைந்திருக்கும். நிறுத்திய காரை நியூட்ரலில் வைத்து 3000 சுழற்சி வரை கூட்டியபோது ஒலி எழவில்லை. ஆகவே பெல்ற், ஓல்ரனேற்றர் முதலியவற்றின் மீதான ஐயம் நீங்கியது. வெறுமையான வீதியில் 60 கிலோமீற்றர் வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி உருளவிட்டபோது மெல்லிய இரைச்சல் ஒன்றைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. எஞ்ச நின்றது சுமை. ஸ்ரியறிங்கை முழுவதும் திருப்பி வட்டமாக ஓட்டியும் ‘டக் டக்’ என்ற ஒலி வராததால் சில்லைச் சுழற்றும் தண்டின் வெளிப்பக்க மூட்டான சி.வி. ஜொயின்றும், 92 ஒக்ரேனுக்குப் பதிலாக 95 அடித்தும் மாற்றம் இல்லாததால் எரிபொருள் ஒழுங்கின்றி எரிவதால் எழும் எஞ்சின் தட்டலும் பட்டியலிலிருந்து விலகின.

மலைநாட்டில் என்றால் ஏற்றம் ஒன்றில் ஏற்றியே சுமையைச் சோதித்துவிடலாம். வன்னியில் குளக்கட்டுக்கு ஏறும் சிறு சரிவைத் தவிர நிலமெல்லாம் சமதரை. எனவே சில்லுகளுக்கு அணை கொடுத்து, கைப்பிரேக்கை இழுத்து, முன்னும் பின்னும் எவரும் நிற்காதபடி பார்த்துக்கொண்டு, கால்பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே டி கியரில் எக்சிலேற்றரைச் சற்று மிதிக்குமாறு மருமகனிடம் சொன்னேன். கியர் எண்ணெய் விரைவில் சூடேறுவதால் இரண்டு மூன்று விநாடிகளுக்கு மேல் இதைச் செய்யக் கூடாது. டி கியரில் அதே ஒலி தெளிவாக எழுந்தது. றிவேர்சுக்கு மாற்றியதும், “மாமா, இப்ப சத்தமே இல்லையே!” என்றான்.

அந்த வேறுபாடே என்னை உரிய இடத்துக்குக் கொண்டுபோனது. குறுக்காக வைக்கப்பட்ட எஞ்சின், முன்னோக்கி இழுக்கும்போது பின்பக்கம் தாழும்; றிவேர்சில் அதே பக்கம் உயரும். பின்பக்கத்தில் இறங்கும் சைலன்சர் குழாய் அடிச்சட்டத்தில் முட்டினால், டி கியரில் மட்டுமே ஒலி வரும். எஞ்சின் முழுவதும் ஆறிய பின், குழாய்க்கும் குறுக்குச் சட்டத்துக்கும் இடையில் குளத்துக் களிமண்ணைக் குழைத்து ஒரு விரல் தடிப்பில் அப்பி, சோதனையைத் திரும்பச் செய்தேன். களிமண் தட்டையாக நசுங்கி, நடுவில் இரும்பு தெரிந்தது. அதைத் துடைத்துவிட்டு விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, துருவும் செம்புழுதியும் படிந்த குழாயில் கட்டைவிரல் நகமளவு இடம் மட்டும் வெள்ளிபோல் தேய்ந்து மினுங்கியது. இந்த நிலையில் குழாயின் வெப்பத்தை மறைக்கும் தகடுகளைக் கிளிப் போட்டு இறுக்கினால் ஒலி சில காலம் அடங்கக்கூடும். குழாயோ தொடர்ந்து தேய்ந்துகொண்டே இருக்கும்.

குழாயைத் தாழவிட்டது, எஞ்சினைச் சட்டத்தோடு இணைத்துத் தாங்கும் பின்பக்க எஞ்சின் மவுண்ட். அதன் இறப்பர் உலோகத்திலிருந்து பிரிந்து, இடுக்கில் தகட்டுக்கோல் தடையின்றி நுழைந்தது. பாவித்த மவுண்ட் மலிவாகக் கிடைத்தாலும் அதன் இறப்பரும் வயதானதுதான் என்பதால் வவுனியாவில் புதியதையே வாங்கினேன். எங்கள் முற்றத்து மண்ணில் காரைத் தூக்கும் ஜக் புதையும். தடித்த பனம்பலகையின் மேல் ஜக்கையும் ஸ்ராண்டுகளையும் நிறுத்தினேன். எண்ணெய்த் தொட்டி நெளியாதிருக்க அதன் கீழும் பலகை வைத்து எஞ்சினைத் தாங்கிய பிறகே பழைய மவுண்டைக் கழற்றினேன். புதிய போல்ற்றுகளை முதலில் தளர்வாகவே விட்டு, எஞ்சினைக் கையால் அசைத்துத் தானாக அமரச் செய்து, பின்னர் இறுக்குவது முக்கியம். அவ்வாறு செய்யாவிட்டால் புதிய இறப்பர் முறுக்கிய நிலையிலேயே பூட்டப்பட்டு, விரைவில் கிழியும்.

இப்போது குழாய்க்கும் சட்டத்துக்கும் இடையில் இரண்டு விரல் நுழைகிறது. முழு மிதியில் முந்தும்போதும் அந்த ஒலி இல்லை. கியர் போடும்போது எழுந்த மெல்லிய குலுக்கமும் கூடவே மறைந்தது. நியூட்ரலில் உருளும்போது கேட்ட இரைச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது. அது வேகத்தோடு கூடுவதால் சில்லைச் சேர்ந்தது. அடுத்ததாக முன்ரயர்களைப் பின்னுக்கு மாற்றிப் பார்க்கப் போகிறேன்: இரைச்சலும் பின்னுக்குப் போனால் ரயர், முன்னாலேயே நின்றால் பெயாரிங்.