எல்டிஎல் 1.6 என்று வந்தால் டிஎஸ்எச்சையும் பாருங்கள்

மதியம் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு, ராத்திரி மாமாக் கடையில் ரொட்டி சானாய், நடுவில் இரண்டு தே தாரேக். எதையும் குறைக்கவில்லை. ஆனாலும் மூன்று மாதத்தில் ஆறு கிலோ இறங்கிவிட்டது, போன வருஷம் 3.8 இருந்த எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் இப்போது 1.6. (இது மில்லிமோல் கணக்கு. மில்லிகிராமில் வரும் சென்னை ரிப்போர்ட்டோடு ஒப்பிட 38.67-ஆல் பெருக்குங்கள்: 147-லிருந்து 62.) இப்படி ஒருவர் வந்து நின்றால் பாராட்டக் கூடாது. தைராய்டு மிஞ்சிச் சுரக்கிறதோ என்று சந்தேகித்து, கையை நீட்டச் சொல்லி, விரல் நடுங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

கல்லீரல் செல்லின் மேல் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் உண்டு. தைராய்டு அதிகமாகச் சுரந்து அதன் ஹார்மோனான டி3 கூடினால் இந்த ஏற்பிகளும் கூடும். வேடிக்கை என்னவென்றால், கொலஸ்ட்ரால் தயாரிக்கும் நொதியையும் அதே டி3 முடுக்கிவிடும். கொலஸ்ட்ரால் குறைக்கத் தரும் ஸ்டாட்டின் மாத்திரை அடக்கி வைப்பது இதே நொதியைத்தான். தயாரிப்பு கூடினாலும் ரத்தத்திலிருந்து அள்ளுவது அதைவிட வேகம். அள்ளியதில் ஒரு பகுதி பித்த அமிலமாகிக் குடலுக்குப் போய்விடும். நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல்லும் சேர்ந்து குறையும், அதை யாரும் கவனிப்பதில்லை. ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு பெரும்பாலும் அவ்வளவாக அசையாது.

தொப்பையில் நடப்பது வேறு கதை. கொழுப்புச் செல்கள் அட்ரினலினுக்கு வழக்கத்தைவிட அதிகமாக இளகும். சேமிப்பை உடைத்துக் கொழுப்பு அமிலங்களை ரத்தத்தில் விடும். இன்னொரு பக்கம் கல்லீரல் மாவுச்சத்திலிருந்து புதுக் கொழுப்பையும் செய்துகொண்டிருக்கும். உடைப்பதும் கட்டுவதும் ஒரே நேரத்தில் நடப்பதால் சக்தி வீணாகிச் சூடாக வெளியேறும். கோலாலம்பூர் புழுக்கத்தில் வியர்ப்பது சகஜம்தான். ஏர்கோன் அறையிலும் வியர்த்தால் சந்தேகப்படலாம். பசி மிஞ்சிப்போய், இளைப்பதற்குப் பதில் எடை கூடுகிறவர்களும் சிலர் உண்டு.

இளைப்பில் போவது கொழுப்பு மட்டுமில்லை. தொடை, தோள் தசைகளும் கரையும். பத்துமலையின் 272 படிகளில் எல்லாருக்கும் மூச்சு வாங்கும். தொடை தூக்க முடியாமல் கைப்பிடியை இழுத்து இழுத்து ஏறுவது அப்படிப்பட்டதல்ல. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். மெலிவதற்கென்று தைராய்டு ஹார்மோன் விழுங்குவது முட்டாள்தனம் என்று சொல்வதும் இதனால்தான். மெலிவு மாத்திரைகளில் அதை மறைத்துக் கலந்து பிடிபட்டதும் உண்டு. பெட்டியில் மலேசிய அரசின் எம்ஏஎல் மருந்துப் பதிவு எண்ணும் ஹாலோகிராமும் இல்லாததைத் தொடாதீர்கள்.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும்போது டிஎஸ்எச் (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன், சுரப்பு மிஞ்சினால் இது குறையும்), ஃப்ரீ டி4 (ரத்தத்தில் கட்டின்றி உலவும் தைராய்டு ஹார்மோன்) இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுபவர்கள் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். சில ஆய்வுக்கூட முறைகளில் அது டிஎஸ்எச்சைக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டி, இல்லாத நோயை இருப்பதாக்கிவிடும்.

தைராய்டு சுரப்பை அடக்கும் கார்பிமசோல் மாத்திரையைத் தொடங்கினால் நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. முதலில் டி4 இறங்கும். டிஎஸ்எச் மாதக்கணக்கில் அடியிலேயே கிடக்கும், அதைப் பார்த்து மாத்திரையை நீங்களே கூட்டாதீர்கள். காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு, அன்றைக்கே வெள்ளையணு எண்ணிக்கை பார்க்க வேண்டும்.

கொலஸ்ட்ரால் திரும்ப ஏறும், எடையும் ஏறும். மருந்து கெடுத்துவிட்டது என்று பலர் இந்த இடத்தில்தான் கிளினிக் பக்கம் போகாமல் விடுகிறார்கள். ஏறி வந்த 3.8-தான் உங்கள் சொந்தக் கணக்கு, 1.6 நோய் காட்டிய எண். அந்த 1.6-ஐ நம்பி ஸ்டாட்டினை நிறுத்தியிருந்தால், டி4 சீராகி இரண்டு மூன்று மாதம் கழித்து லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) பார்த்து, டாக்டரிடம் மறுபடி பேசுங்கள். எல்டிஎல் பழைய அளவையும் தாண்டினால் கார்பிமசோல் அதிகமாகி, தைராய்டு மந்தமாகியிருக்கலாம். மந்தமான தைராய்டோடு ஸ்டாட்டினும் சேர்ந்தால் தசை வலிக்கு வாய்ப்பு கூடும். அதனால் ஸ்டாட்டின் அளவைக் கூட்டும் முன் டிஎஸ்எச் பார்த்துவிட வேண்டும்.