பல்லவன் டிக்கெட்டுக்கு என்ன வயது?

பழைய பஸ் டிக்கெட்டில் தேதி இருக்காது. ரயில் டிக்கெட் அப்படியில்லை. அந்தத் தடித்த அட்டையை கவுன்ட்டரில் ஒரு இயந்திரத்தில் செருகி எடுத்தாலே தேதி அழுந்திவிடும். பஸ்ஸில் கண்டக்டர் கட்டிலிருந்து ஒன்றைக் கிழித்துக் கொடுப்பார், அவ்வளவுதான். என்றைக்குக் கிழித்தது, எந்த வண்டியில் கிழித்தது என்பதெல்லாம் அவர் மடியிலிருந்த இன்வாய்ஸோடு போய்விட்டது. ஒவ்வொரு ட்ரிப்பிலும் எந்தக் கட்டு எந்த எண்ணில் நிற்கிறது என்று அதில் எழுதிக்கொண்டே வருவார். செக்கிங் இன்ஸ்பெக்டர் அதை வைத்துத்தான் டிக்கெட்டைச் சரிபார்ப்பார். அந்தத் தாள் இன்று கிடைத்தால் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

என்னிடம் இருப்பது டிக்கெட் மட்டும்தான். பெரியப்பாவின் பஞ்சாங்கங்களை அடுக்கும்போது ஒன்றின் நடுவிலிருந்து வந்தது. வெளிறிய ரோஸ் நிறம், தொட்டால் கிழிந்துவிடும் போன்ற தாள். மேலே ‘பல்லவன் போக்குவரத்துக் கழகம்’, நடுவில் பெரிதாக 40 பைசா, கீழே ‘நிலை’ என்று போட்டு ஸ்டேஜ் எண்கள், ஓரத்தில் வரிசை எண்.

முதலில் பெயரைப் பார்க்க வேண்டும். பல்லவன் கழகம் தொடங்கியது 1972 ஜனவரியில். அதற்கு முன் சென்னை பஸ்களை அரசின் போக்குவரத்துத் துறையே நேரடியாக ஓட்டியது. 1994இல் பல்லவனைப் பிரித்து டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம் என்று இன்னொன்றை உண்டாக்கினார்கள். 1997இல், தென் மாவட்டங்களில் நடந்த சாதி மோதல்களுக்குப் பிறகு, மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த தலைவர்கள், மன்னர்கள் பெயர்களையெல்லாம் அரசு எடுத்துவிட்டது. பல்லவன், சேரன், பாண்டியன், சோழன், கட்டபொம்மன் எல்லாம் அந்த வருடத்தோடு சரி. அம்பேத்கர் கழக டிக்கெட் கையில் இருந்தால் மூன்று வருடத்துக்குள் அடக்கிவிடலாம். பல்லவனுக்கோ இருபத்தைந்து வருட இடைவெளி. அது போதாது.

‘பைசா’ இங்கே உதவவில்லை. ‘ந.பை.’ என்று இருந்திருந்தால் பெரிய விஷயம். நயா பைசா 1957 ஏப்ரலில் வந்து, 1964 ஜூனில் வெறும் பைசா ஆகிவிட்டது. பழைய ரசீதோ புத்தக விலையோ எதுவானாலும் அந்த ‘ந’வை முதலில் தேடுவது என் வழக்கம்.

அப்புறம்தான் எழுத்தைப் பார்த்தேன். 1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. ணை, லை, ளை, னை நான்கும் தும்பிக்கையை, அதாவது எழுத்தின் மேல் யானைத் துதிக்கை போல வளைந்த கோட்டை, இழந்தன. ணா, றா, னா வகையறா சுழியை விட்டு, தனிக் காலுக்கு வந்தன. ‘பல்லவன் போக்குவரத்துக் கழகம்’ என்பதை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பாருங்கள், அந்தப் பதின்மூன்றில் ஒன்றுகூட வராது. ‘பைசா’விலும் இல்லை. பை, கை, ரை எல்லாம் முன்பும் இப்படித்தான் இருந்தன. மாட்டுவது ‘நிலை’ ஒன்றுதான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மை கொஞ்சம் பரவியிருந்தாலும் ‘ல’வின் தலைக்கு மேல் வளைந்து நிற்கும் தும்பிக்கை தெளிவாகவே தெரிந்தது. பழைய லை! அந்த ஒரு எழுத்துக்காக நான் அன்று பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

ஆனாலும் 1978க்கு முந்தையது என்று உடனே முடிவு கட்டக் கூடாது. அச்சகத்தில் இருப்பது ஈய எழுத்து. ஆணை வந்த மறுநாளே யாரும் அதை உருக்கிவிடுவதில்லை. எத்தனையோ பத்திரிகைகள் பல வருடம் பழைய எழுத்திலேயே வந்தன. ஏற்கெனவே அச்சடித்த கட்டுகளும் தீர வேண்டும். எண்பதுகளின் தொடக்கம் வரை இடம் விடுவதுதான் நியாயம்.

இனி பஞ்சாங்கம். பழைய காகிதம் எதற்குள் இருந்தது என்பதை நான் பொதுவாகச் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. கதைப் புத்தகத்தை இருபது வருடம் கழித்தும் திறப்பார்கள், கையில் கிடைத்ததை அடையாளத்துக்கு வைப்பார்கள். பஞ்சாங்கம் வேறு. அந்த வருடம் முழுக்க ராகுகாலம், திதி என்று தினமும் புரட்டுவார்கள். சித்திரை பிறந்ததும் பரணுக்குப் போய்விடும். இந்த டிக்கெட் இருந்தது சித்தார்த்தி வருடத்துப் பஞ்சாங்கத்தில். அதாவது 1979 ஏப்ரலிலிருந்து 1980 ஏப்ரல் வரை. ‘நிலை’யின் தும்பிக்கையும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. பெரியப்பா அப்போது மந்தைவெளியிலிருந்து பாரிமுனைக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தார்.

பின்பக்கத்தில் நீல மையில் ‘1.60’ என்று கிறுக்கி வட்டம் போட்டிருக்கிறது. சில்லறை இல்லாதபோது மீதியை டிக்கெட்டுக்குப் பின்னால் கண்டக்டர் எழுதித் தருவது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். இரண்டு ரூபாய் நோட்டு, 40 பைசா டிக்கெட், மீதி 1.60. இதிலிருந்து வருடம் எதுவும் தெரியாது. ஆனால் மீதியைத் தந்திருந்தால் கண்டக்டர் அதை அடித்திருப்பார் அல்லது டிக்கெட்டை வாங்கிக் கிழித்திருப்பார். அடிக்கவில்லை, கிழிக்கவில்லை. பெரியம்மாவிடம் காட்டினேன். “வாங்க மறந்துட்டு இறங்கியிருப்பார்டா. என்கிட்ட சொன்னா திட்டுவேன்னு பஞ்சாங்கத்துல ஒளிச்சு வெச்சிருக்கார். ஒரு ரூபா அறுபது பைசா அப்ப சும்மாவா?” என்றார். பெரியப்பாவை அறிந்தவன் என்ற முறையில் இதை முழுதாக நம்புகிறேன்.

இப்போது மெஷின் தரும் சீட்டில் தேதி, நேரம், நிமிடம் எல்லாம் இருக்கிறது. ஆனால் அது வெப்பத்தில் பதியும் தாள், சில மாதங்களில் வெளுத்துவிடும். வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். பழைய டிக்கெட்டை தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள், பசையும் சூடும் சேர்ந்து தாளைக் கெடுத்துவிடும். ஒட்டவும் வேண்டாம். ஒரு காகித உறையில் போட்டு, உறை மேல் பென்சிலில் விவரம் எழுதினால் போதும். நான் எழுதியது: “பல்லவன், 40 பைசா. 1972க்குப் பின், பழைய லை. சித்தார்த்தி (1979–80) ஆக இருக்கலாம்.”

அதே அடுக்கில் இரண்டு சேரன் டிக்கெட்டுகளும் இருக்கின்றன. அவற்றில் ‘நிலை’ என்ற சொல் இல்லை. வேறு எழுத்து ஏதாவது மாட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.