சாலையே தட்டி எழுப்பும்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் போதும், நம்மில் பலர் வேலை முடிந்த கையோடு சிங்கப்பூர் எல்லையில் துவாஸ் சோதனைச்சாவடியைத் தாண்டி, ராத்திரியோடு ராத்திரியாக மலேசியாவில் ஈப்போ, பினாங்கு என்று காரில் கிளம்பிவிடுகிறோம். எனக்குப் பயமெல்லாம் அந்த விடிகாலைத் தூக்கத்தை நினைத்துத்தான்.

கண் அசந்தவரை எழுப்ப அதிகச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது: ரம்பிள் ஸ்ட்ரிப். சாலைக் கோடுகளை ஒட்டித் தாரில் வரிசையாகச் செதுக்கிய பள்ளங்கள். ஆழம் 1 செ.மீ. சுமாருக்குத்தான் இருக்கும். சக்கரம் ஏறியதும் 'டர்ர்ர்' என்று சத்தம், ஸ்டீயரிங் பிடித்த கை வரை அதிர்வு. அமெரிக்காவில் 2009இல் வெளியான ஓர் ஆய்வறிக்கைப்படி, கிராமப்புற இருவழிச் சாலைகளின் நடுக்கோட்டில் இதைப் போட்டதும், எதிரெதிர் வண்டிகள் மோதி உயிரிழப்போ காயமோ ஏற்படும் விபத்துகள் 44 விழுக்காடு குறைந்தன. வெறும் பள்ளத்தால் 44 விழுக்காடு! பக்கத்து வீடுகளுக்குச் சத்தத் தொல்லை, சைக்கிள்காரர்களுக்குச் சிரமம் எல்லாம் உண்டுதான். ஆனாலும் எனக்கு உயிர்தான் பெரிது.

அப்புறம் ஒன்று, அண்ணன்மாரே. சத்தம் கேட்டதும் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்பிவிடாதீர்கள். நிதானமாகத் தடத்துக்கு வாருங்கள். விழிப்பு வந்துவிட்டதே என்று தொடர்ந்து ஓட்டவும் வேண்டாம். களைப்பு அப்படியேதான் இருக்கும். அடுத்த ஆர் அண்ட் ஆர் ஓய்விடத்தில் நிறுத்தி ஒரு 20 நிமிடம் தூங்குங்கள்.