தன் விசையாலேயே உள்ளே சரியும் பாதை: பைத்தானில் கணக்கிட்டுப் பார்த்தது

கருந்துளையைச் சுற்றும் சின்னப் பொருளுக்கும் நிறை உண்டு, அதுவும் காலவெளியை வளைக்கும். அந்தக் கலக்கத்தில் ஒரு பகுதி கருந்துளையின் வளைவில் சிதறித் திரும்பி வந்து அந்தப் பொருளையே தள்ளுகிறது. இதுதான் சுய விசை. 1997-ல் இயற்பியலாளர்கள் மினோ, சசாகி, தனகா மூவரும், வேறு வழியில் க்வின், வால்டு இருவரும் இதற்கான சமன்பாட்டைத் தந்தார்கள். அதை முழுதாகத் தீர்ப்பது பெரிய வேலை என்பதால், ஆற்றலைக் குறைக்கும் பகுதியை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டேன்.

சுழலாத கருந்துளை, 10 லட்சம் சூரிய நிறை. சுற்றும் பொருள் 10 சூரிய நிறை. விகிதம் லட்சத்தில் ஒன்று. வட்டப் பாதையின் ஆற்றலுக்கு ஷ்வார்ட்ஷில்ட் சூத்திரம் (சுழலாத கருந்துளைக்குப் பொதுச் சார்பியல் தருவது), ஈர்ப்பலை (காலவெளியில் பரவும் அதிர்வு) கொண்டுபோகும் ஆற்றலுக்கு ஐன்ஸ்டைனின் தோராயமான குவாட்ரபோல் சூத்திரம். கருந்துளையின் நிறையையே (ஈர்ப்பு மாறிலி, ஒளிவேகம் கொண்டு நீளமாக மாற்றி) நீள அலகாக வைத்து, ஆரம் 10-லிருந்து 6 வரை சரியவிட்டேன். வந்த விடை சுமார் 56,000 சுற்றுகள், ஏறக்குறைய 1.4 வருடம். ஆற்றலுக்கு நியூட்டன் சூத்திரத்தைப் போட்டால் 1,13,000 சுற்றுகள்! ஒரே ஒரு சூத்திரம் மாறியதில் விடை இரட்டிப்பு. இவ்வளவு பெரிய வித்தியாசத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை.

காரணம் ஆரம் 6-ல் இருக்கிறது. அதற்கு உள்ளே நிலையான வட்டப் பாதையே கிடையாது. அதை நெருங்க நெருங்க, ஒரே அளவு ஆற்றல் இழந்தாலும் ஆரம் மேலும் மேலும் அதிகமாகச் சுருங்குகிறது. 6-ஐத் தொடும்போது சுருங்கும் வேகம் முடிவிலிக்குப் போகிறது, நிரலும் அங்கே நின்றுவிடுகிறது. இயற்கையில் அப்படி நடக்காது. பொருள் வட்டத்தை விட்டு மெல்ல விலகி உள்ளே பாயத் தொடங்கும். ஓரியும் தார்னும் 2000-ல் இந்த இடைக்கட்டத்துக்குத் தனிக் கணக்கு போட்டார்கள். அதன் அகலம் நிறை விகிதத்தின் 0.4 அடுக்குக்கு ஏற்ப மாறும், என் எடுத்துக்காட்டில் நூற்றில் ஒரு அலகு அளவில்.

அப்புறம், ஆற்றலைக் குறைக்காத பகுதி. விட்டுவிடலாமா என்றால், கூடாது. 2009-ல் பராக், சாகோ கணக்கிட்டு, பின்னர் நேர அளவு சரிசெய்யப்பட்ட மதிப்பின்படி, அது கடைசி நிலையான பாதையின் அதிர்வெண்ணையே நிறை விகிதத்தின் 0.251 மடங்கு உயர்த்துகிறது. இங்கே பத்து லட்சத்தில் இரண்டரை பங்குதான். ஆனாலும் முழுச் சரிவில் அலையின் கட்டத்தை (ஏற்ற இறக்கத்தில் அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதை) ஒரு ரேடியன், அதாவது முழு அலையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு, அளவுக்கு மாற்ற அந்தப் பகுதியால் முடியும். ஈர்ப்பலைகளை விண்வெளியிலிருந்து அளக்கத் திட்டமிடப்பட்டுள்ள லிசா விண்கலத்தின் தரவில் இந்த அலைகளைத் தேடும்போது அந்த ஒரு ரேடியனைக்கூட விட முடியாது.

அடுத்து குவாட்ரபோல் சூத்திரத்தை மாற்ற வேண்டும். ஆரம் 6-ல் அது உண்மையான ஆற்றல் இழப்பைவிட எட்டில் ஒரு பங்கு குறைவாகக் காட்டுகிறது, ஆரம் 10-ல் கொஞ்சம் அதிகமாகக் காட்டுகிறது. இரண்டு பிழைகளும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதால், சுற்றுகளின் எண்ணிக்கை எந்தப் பக்கம் நகரும் என்று கணக்கிட்டுத்தான் பார்க்க வேண்டும்.