இரண்டு பேர் வரப்பில், இரண்டு பேர் வயலில்

"நாலு பேர் தூக்குனாங்க. ரெண்டு பேர் வரப்புல நடந்தாங்க. ரெண்டு பேர் வயல்ல எறங்கி நடந்தாங்க. அதனால அப்பாயி ஒரு பக்கமா சாஞ்சு போச்சு."

ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஊராட்சி மன்றத் தலைவருக்கு எழுதிய கடிதத்தின் முதல் வரைவில் இருந்த வரிகள் இவை. சுடுகாட்டுக்குப் பாதை வேண்டும் என்பது அவன் கருத்து. இந்த நான்கு வரியும் அதற்கு அவன் காட்டிய எடுத்துக்காட்டு. அப்பாயி என்றது அவன் அப்பாவின் அம்மாவை. எடுத்துவிடச் சொன்னவள் நான்.

செய்தது சரியா என்பது எனக்குள் இன்னும் தீரவில்லை. ஏன் தீரவில்லை என்று சொல்ல வேண்டுமானால், அந்த வரிகள் எப்படி வந்தன என்பதைச் சொல்ல வேண்டும். அவை தானாக வந்தவை அல்ல. ஏழு பாடவேளை நான் கேட்டுக் கேட்டு வாங்கியவை.

கருத்துக் கட்டுரை சொல்லிக்கொடுக்கும்போது முதலில் இடறுவது தலைப்பில். 'மரம் வளர்ப்போம்', 'நெகிழியை ஒழிப்போம்' என்று கொடுத்தால் 24 பிள்ளைகளும் ஒரே கட்டுரையைத்தான் எழுதுவார்கள். மரம் வேண்டாம் என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை. மறுக்க ஆள் இல்லாதபோது யாரையும் இணங்க வைக்க வேண்டிய வேலையும் இல்லை. பிள்ளை மனப்பாடத்துக்குப் போய்விடும். நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: தலைப்பைச் சொன்னதும் குறைந்தது 5 பேராவது எதிர்ப்பக்கம் போக வேண்டும். 'மதியச் சாப்பாட்டுக்கு முதலில் ஒன்றாம் வகுப்பை விடுவதா, ஐந்தாம் வகுப்பை விடுவதா' என்பது நன்றாக வேலை செய்யும். மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேரும் வாரத்தில் 'பிள்ளைகள் மட்டும் தனியாகக் குளிக்கப் போகலாமா' என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிளந்துவிடும்.

பிளந்ததைக் கண்ணால் பார்க்கவும் வைக்க வேண்டும். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. ஒரு முனை 'வேணும்', மறுமுனை 'வேணாம்'. நேரடியாகப் போய் நிற்கச் சொன்னால், வகுப்புத் தலைவன் நிற்கும் இடத்தில் பாதிப் பேர் போய் நிற்பார்கள். மீதிப் பேர் நம் முகத்தைப் பார்ப்பார்கள். அதனால் முதலில் துண்டுச் சீட்டில் எழுதி மடித்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகுதான் நிற்பது. ஒருவர் காரணம் சொன்னபின் மனம் மாறியவர்கள் கோட்டின் மேல் நகரலாம். யார் பேச்சுக்கு எத்தனை பேர் நகர்ந்தார்கள் என்று பலகையில் குறிப்பேன். சத்தமாகப் பேசியவனுக்கு ஒருவர்கூட நகராததையும், மெல்லிய குரலில் ஒரு செய்தி சொன்னவளுக்கு 4 பேர் நகர்ந்ததையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பத்து நிமிடம் போதும். அதைத் தாண்டினால் கோடு ஓடிப்பிடிக்கிற இடமாகிவிடும்.

பிறகு காரணச் சீட்டு. தாளைத் துண்டுகளாகக் கிழித்து, ஒரு சீட்டுக்கு ஒரு காரணம் மட்டும். 5 சீட்டு எழுதி, 2 சீட்டைத் தள்ளிவிட வேண்டும். தள்ளுவதில்தான் பாடமே இருக்கிறது. பள்ளிக்கு இன்னும் குடிதண்ணீர்க் குழாய் வேண்டும் என்பது கருத்தானால், 'குழாய் நல்லது', 'குழாய் பயனுள்ளது', 'குழாய் இருந்தால் வசதி' என்று மூன்று சீட்டிலும் ஒரே காரணம் சட்டை மாற்றிக்கொண்டு நிற்கும். "இந்தச் சீட்டால உதவி கெடைக்கிற ஆளும் அந்தச் சீட்டால உதவி கெடைக்கிற ஆளும் ஒரே ஆளா?" என்று கேட்டால், பெரும்பாலான பிள்ளைகள் தாங்களே இரண்டைக் கிழித்துப் போடுவார்கள்.

எங்கள் பிள்ளைகள் இந்த வேலைக்கு வெறுங்கையோடு வருவதில்லை. இரண்டு வார்ப்புகளை ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள். ஒன்று பட்டிமன்றம். புகார் நகரத்து இந்திர விழா அறிவிப்பிலேயே பட்டிமண்டபம் ஏறி வாதிட அழைப்பதை மணிமேகலை சொல்கிறது. இந்த ஆற்றுக்கரைக்கு அவ்வளவு பழைய பழக்கம். ஆனால் பிள்ளைகளுக்குத் தெரிந்தது பொங்கலுக்குத் தொலைக்காட்சியில் வருவது. அதில் பேசுகிறவர் எதிரணியைப் பார்த்துப் பேசுவதில்லை. நடுவரையும் கைதட்டலையும் பார்த்துப் பேசுகிறார். அதனால்தான் தலைமையாசிரியருக்கு எழுதும் கடிதத்திலும் 'நடுவர் அவர்களே' வந்துவிடுகிறது. மற்றொன்று விண்ணப்பம். அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா, வணக்கம், 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்'. இதற்கே அரைப் பக்கம் போய்விடும். விண்ணப்பத்தில் தேவை இருக்கும், காரணம் இருக்காது. படிப்பவர் மனம் இரங்கினால் உண்டு. பட்டிமன்றத்தில் காரணம் இருக்கும், கேட்டு மனம் மாற வேண்டிய ஆள் எதிரே இருக்கமாட்டார். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடத்தைப் பிள்ளைக்குக் காட்டித் தர வேண்டியிருக்கிறது. அதனால் கடித வடிவத்தைக் கடைசிப் பாடவேளைக்குத் தள்ளிவிடுவேன். அதுவரை மொட்டையாகத்தான் எழுத வேண்டும்.

மொழியிலும் ஒரு சிக்கல் உண்டு. பயிற்சிக் கையேடுகளில் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தைக் கோத்து 'ஓரியோ' என்று பிஸ்கட் பெயரில் ஒரு வரிசை வரும்: கருத்து, காரணம், எடுத்துக்காட்டு, மறுபடியும் கருத்து. வரிசை நல்லதுதான். ஆனால் தமிழ்ப் பேச்சில் காரணம் முன்னால் வந்து, முடிவு பின்னால் வரும். "கூட்டமா இருந்ததால தண்ணி குடிக்கல" என்றுதான் பிள்ளை பேசுகிறது. கருத்தை முதலில் வைத்து 'ஏனென்றால்' என்று தொடங்கச் சொன்னால், அந்த வாக்கியத்தை எங்கே முடிப்பது என்று தெரியாமல் பாதியில் விட்டுவிடும். நான் செய்வது இப்படி: கருத்து ஒரே வரி, 'வேண்டும்' என்றோ 'வேண்டாம்' என்றோ முடிய வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு காரணமும் 'ஆல்' போட்டு, அல்லது 'அதனால்' சேர்த்து. முதல் வரைவு பேச்சுத் தமிழிலேயே இருக்கட்டும். ல, ள, ழ திருத்தம் மூன்றாவது வரைவில்தான். முதலிலேயே சிவப்பு மையைத் தொட்டால், பிள்ளை தனக்குப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த சொற்களுக்குள் தன் கருத்தைச் சுருக்கிக்கொள்ளும். எழுத்துக் கூட்டுவதே இன்னும் கைவராத பிள்ளைகள் 3 பேர் இருந்தார்கள். அவர்கள் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் எழுதினார். கருத்து சொன்னவருடையது என்பதால் சொன்னவர் பெயர்தான் மேலே இருக்கும்.

இனி எண்ணுவது. முழு வேலையிலும் நான் அதிகம் நம்புவது இதைத்தான். 'குழாய் போதவில்லை' என்று எழுதிய குழுவை இடைவேளையில் நிறுத்திப் பார்க்கச் சொன்னேன். குழாய் 2. ஒரு பிள்ளைக்கு ஏறத்தாழ அரை நிமிடம். 10 நிமிட இடைவேளையில் 40 பேர்தான் குடிக்க முடியும். பள்ளியில் 61 பேர். "21 பேர் குடிக்காம வகுப்புக்குப் போறாங்க" என்ற வரி வந்ததும் கட்டுரையே வேறாகிவிட்டது. அன்றே கரும்பலகையின் இடது ஓரத்தில் ஒரு விதி எழுதினேன்: பார்த்தது, எண்ணியது, விசாரித்தது. இந்த மூன்றில் ஒன்றாவது இல்லாத காரணத்துக்கு மதிப்பெண் கிடையாது. மார்கழி முழுவதும் அதை அழிக்கவில்லை.

அந்தப் பையன் இந்த விதியை அப்படியே செய்தான். கார்த்திகையில் அவன் அப்பாயி இறந்திருந்தார். மழை, சம்பாப் பயிர் நிற்கிறது. தெருவின் கடைசி வீட்டிலிருந்து சுடுகாடு வரை நடந்து எண்ணியிருந்தான். அவன் காலடிக்கு 312. அதில் 120 சிமெண்டுச் சாலை, மீதி 192 வரப்பு. வரப்பில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போகலாம். பாடையை நான்கு பேர் தூக்க வேண்டும். அதனால் இரண்டு பேர் மேலே, இரண்டு பேர் சேற்றில். எதிர்ப்பேச்சையும் எழுதியிருந்தான்: "அது வேற ஆளோட நெலம்னு நீங்க சொல்லலாம். முழு ரோடு வேணாம். ரெண்டு பேர் சேந்து நடக்குற மாதிரி வரப்பை அகலமாக்குனா போதும்." எதிராளி சொல்லப்போவதை முன்கூட்டியே எடுத்து வைத்து, அதற்கு இறங்கி வந்து ஒரு வழி சொல்வது பெரியவர்களுக்கே கடினம். அன்று வந்த 24 கட்டுரைகளில் அதற்குத்தான் முதலிடம்.

ஜனவரி 26 கிராம சபைக்கு முன் எல்லாக் கடிதங்களையும் ஊராட்சி அலுவலகத்தில் கொடுப்பதாக ஏற்பாடு. படிக்கப்போவது உண்மையான ஆள் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த வரப்பு யாருடையது என்று ஊருக்கே தெரியும். பையனின் அப்பா நடவுக்கும் மருந்தடிக்கவும் போவது அந்த வயலுக்குத்தான். கிராம சபையில் யாராவது எடுத்து உரக்கப் படித்தால், கீழே பையன் பெயர் இருக்கும், தெரு இருக்கும். அவனுக்கு வயது பத்து.

"தம்பி, இந்த நாலு வரியை எடுத்துட்டு, மழைக்காலத்துல போறது சிரமமா இருக்குன்னு பொதுவா போட்டுக்கலாமா?"

"அது எண்ணுனது இல்லையே டீச்சர்."

"எல்லாத்தையும் எண்ணணும்னு இல்லடா."

இவ்வளவுதான் நடந்த பேச்சு. அவன் மறுத்துப் பேசவில்லை. ரப்பரை எடுத்து அவனே அழித்தான். 312, 120, 192 எல்லாவற்றையும் சேர்த்து அழித்தான். அவற்றை அழிக்க நான் சொல்லவில்லை. கடைசியில் போன கடிதம் ஆறு வரி. 'மழைக்காலத்தில் பாதை மிகவும் சேறாக உள்ளது. ஆகவே பாதை அமைத்துத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.' எந்த வார்ப்பிலிருந்து அவனை ஏழு பாடவேளை இழுத்து வந்தேனோ, அதற்குள்ளேயே திருப்பி அனுப்பிவிட்டேன்.

காக்க வேண்டிய பிள்ளையைக் காத்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போதும் அதில் பாதி உண்மை என்றுதான் நினைக்கிறேன். வாதம் சரியாக இருந்தால் படிப்பவர் இணங்குவார் என்பது கையேட்டின் நம்பிக்கை. வாதம் எவ்வளவு சரியோ அவ்வளவுக்குக் கோபம் வருகிற இடமும் உண்டு; அந்தக் கோபம் எழுதியவன் வீட்டுக் கூலியில் இறங்கும் என்பதைப் பத்து வயதுப் பிள்ளை கணக்கில் எடுக்காது. ஆசிரியர் எடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் கணக்கு பார்த்தது நான் மட்டும்தான் என்பதே பிசகு. அவன் அம்மாவிடம் கேட்டிருக்க வேண்டும். எது ஆபத்து, எதைத் துணிந்து சொல்லலாம் என்று அந்தத் தெருவில் இருப்பவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இறந்தவர் அவர்கள் வீட்டு மூத்தவர். அந்த வரிகளைக் காட்டி, "இது போகட்டுமா?" என்று கேட்க அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. கேட்டால் போகட்டும் என்று சொல்லிவிடுவார்களோ என்றுதான் நான் போகவில்லையோ? இதற்கு என்னிடம் நேர்மையான பதில் இல்லை.

வகுப்புக் கடிதமாக 24 பேரும் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கலாம் என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். ஒரு பெயர் தனியாக நிற்காது, உண்மைதான். ஆனால் அந்த 24 பேரில் நிலத்துக்காரர் வீட்டு உறவுப் பிள்ளைகளும் உண்டு. அவர்களைக் கையெழுத்திடச் சொல்வதும் ஒரு வற்புறுத்தல். கையெழுத்திடாமல் விட்டால், யார் விட்டார்கள் என்பது அந்த நிமிடமே வகுப்புக்குத் தெரிந்துவிடும். சாக்பீஸ் கோட்டில் தயங்காமல் எதிரெதிரே நின்ற பிள்ளைகள் அவர்கள். அந்தக் கோட்டைத் தெருவின் கோடாக மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

கடிதத்தால் அவனுக்கு எந்தத் தொல்லையும் வரவில்லை. நான் எடுத்ததால் வரவில்லையா, எடுக்காவிட்டாலும் வந்திருக்காதா என்று அறிய வழியில்லை. பிப்ரவரியில் அவன் எழுதிய அடுத்த கட்டுரை பள்ளிச் சுற்றுலா பற்றியது. மூன்று காரணம், ஒழுங்கான 'ஆல்', பிழை குறைவு. பார்த்தது, எண்ணியது, விசாரித்தது ஒன்றும் இல்லை. விதிப்படி மதிப்பெண் குறைத்திருக்க வேண்டும். முழு மதிப்பெண் போட்டேன்.

இந்த ஆண்டு சரிபார்ப்பு அட்டையில் ஐந்தாவதாக ஒரு கேள்வி சேர்த்தேன். கருத்து ஒரு வரியில் இருக்கிறதா, காரணங்கள் வேறு வேறா, எண்ணியது உண்டா, எதிர்ப்பேச்சுக்குப் பதில் உண்டா என்ற நான்குக்குக் கீழே: 'இதைப் படித்தால் யாருக்காவது வருத்தம் வருமா?' அனுப்பும் முன் பிள்ளையும் வீட்டாரும் பேசிக்கொள்ளட்டும் என்பது எண்ணம். இரண்டே வாரத்தில் காரணச் சீட்டுகள் மாறின. குழாய் போய்விட்டது; சாப்பாட்டு வரிசை போய்விட்டது. 24 பேரில் 15 பேர் மரம் வளர்ப்போம் என்று எழுதிக்கொண்டு வந்தார்கள்.

அட்டையில் அந்தக் கேள்வியின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டிவிட்டேன். எழுதச் சொல்லும்போது அந்தக் கேள்வி கூடாது, அனுப்பும்போது அது இல்லாமல் முடியாது என்பது வரைக்கும் வந்திருக்கிறேன். இந்த வாரம் ஒரு பெண் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் நனைவதைப் பற்றி எழுதுகிறாள். எத்தனை மூட்டை, எத்தனை நாள் என்று எண்ணத் தொடங்கியிருக்கிறாள். அவள் அப்பா அங்கே மூட்டை தூக்குகிறார். நாளை மாலை அவர்கள் வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.